புதுக் கறுப்புக் காரில் சிலந்தி வலைக் கோடுகள்: கோட்டிங் போடலாமா?

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கமாகத் தருகிறேன்.

சித்திரையில் கறுப்பு நிறக் கார் எடுத்திருக்கிறார். கணவர் வெளிநாட்டில் இருப்பதால் வண்டியைப் பார்த்துக்கொள்வது இவர் பொறுப்பு. வாசலில் தகரக் கூரை உண்டு, பக்கவாட்டில் மறைப்பு இல்லை. இரண்டு தெரு தள்ளி அரிசி ஆலை. மாதம் 500 ரூபாய்க்கு ஒரு பையன் தினமும் காலையில் வந்து, ஒரு வாளித் தண்ணீரில் துணியை நனைத்து வண்டியைத் துடைத்துவிட்டுப் போகிறான். ஐந்து மாதம் கழித்து ஒரு ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்கில் பார்த்தால், பானெட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். கதவுகளில் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர்ப் புள்ளிகள், எவ்வளவு துடைத்தும் போகவில்லை.

வண்டி எடுத்தபோதே ஷோரூமில் 5,500 ரூபாய்க்கு 'டெஃப்லான் கோட்டிங்' போட்டிருக்கிறார்கள். இப்போது தஞ்சாவூரில் ஒரு கடையில் 28,000 ரூபாய்க்குச் செராமிக் கோட்டிங் போட்டால் ஐந்து வருஷம் கீறலே விழாது, கழுவவும் வேண்டாம் என்கிறார்களாம். தம்பியோ, "டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து துடை, கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்கிறார். பெயின்ட் மட்டமா, ஷோரூமை மறுபடி பெயின்ட் அடித்துத் தரச் சொல்லலாமா, இன்சூரன்ஸில் கேட்கலாமா, 28,000 செலவு செய்யலாமா, கவர் வாங்கலாமா என்பவை இவருடைய கேள்விகள். கடைசியாக ஒரு குறிப்பு: மாமியார் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் வண்டியின் பெயின்ட் மட்டமானது இல்லை, கெட்டும் போகவில்லை. நீங்கள் பார்த்தவை நிறத்துக்கு மேலே பூசியிருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சில் விழுந்த மிக மெல்லிய சிராய்ப்புகள். அவை வட்டமாக விழுந்தவையும் அல்ல. எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் கோடுகளில், விளக்கைச் சுற்றி வளைந்தாற்போல் அமைந்தவை மட்டும் மின்னுகின்றன. தலையைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள், வலையும் கூடவே நகரும். பக்கத்து வீட்டு வெள்ளைக் காரிலும் இதே அளவு கோடுகள் இருக்கலாம். வெளுத்த பின்னணியில் அவை தெரிவதில்லை, கறுப்பில் ஒவ்வொன்றும் தெரிகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தொழிற்சாலையில் தகரத்தின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாகக் கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 90 முதல் 140 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பளபளப்பு, வெயிலைத் தாங்கும் சக்தி எல்லாம் முடியைவிட மெலிந்த அந்த அடுக்கில்தான் இருக்கின்றன. பாலிஷ் போட்டுக் கோடுகளை எடுப்பது என்றால் கோடு இறங்கிய ஆழத்துக்கு அந்த அடுக்கைச் சீவி எடுப்பது என்று பொருள். ஒவ்வொரு தடவையும் சில மைக்ரான் போய்விடும், திரும்பி வராது. விதைநெல்லை எடுத்துச் சமைப்பது மாதிரிதான். கட்டாயம் வந்தால் எடுக்கலாம், வருஷா வருஷம் எடுக்கக் கூடாது.

கீறியது எது?

நீங்கள் வெயிலைச் சந்தேகப்படுகிறீர்கள். வெயில் பெயின்ட்டை மங்கச் செய்யும், அதற்குப் பல வருஷம் ஆகும். ஐந்து மாதத்தில் கோடு போட்டது அந்தத் தினசரித் துடைப்புதான்.

அரிசி ஆலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் இருக்கிறது. ஆலைகளில் பாய்லருக்கு உமியைத்தான் எரிக்கிறார்கள். உமியை எரித்தால் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் சுமார் 90 சதவீதம் சிலிக்கா. மணல் எந்தப் பொருளோ அதே பொருள். ராத்திரி முழுக்க அது பானெட்டில் கறுப்பும் சாம்பலுமாக மெல்லிசாகப் படிகிறது. பார்ப்பதற்கு விபூதி மாதிரி இருக்கும், விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். பொங்கல் கழிந்து சம்பா அறுவடை தொடங்கினால் இன்னொன்றும் சேரும். களத்தில் நெல் தூற்றும்போது கையெல்லாம் அரிக்குமே, அந்தச் சுணை. உமியின் மேல் இருக்கும் நுண்ணிய முடி அது, அதிலும் சிலிக்காதான். அறுவடை இயந்திரம் ஓடும் வயல் ஓரமாகவோ, நெல் காயவைத்த ரோட்டிலோ, கொள்முதல் நிலையத்துக்கு முன்னாலோ ஒரு தடவை போய்வந்தால் வண்டி முழுக்க அது ஒட்டியிருக்கும்.

இதன் மேல் ஈரத்துணியை வைத்து இழுத்தால் என்ன ஆகும்? துணி தூசியை எடுப்பதில்லை, இழுத்துக்கொண்டு போகிறது. பாதி பானெட் முடிவதற்குள் அந்தத் துணி உப்புத்தாள் ஆகிவிடும். அதைத் திரும்ப வாளியில் நனைத்தால் மண் வாளிக்குப் போகும், அடுத்த நனைப்பில் துணிக்கே திரும்பி வரும். பையன் உங்கள் வீட்டுக்கு முன்னால் இரண்டு வண்டி துடைத்துவிட்டு வந்தால், அவற்றின் சக்கரச் சேறும் அந்த வாளியில் இருக்கும்.

பையனை நிறுத்த வேண்டாம். அவன் அக்கறையாகத்தான் செய்கிறான், கருவியும் முறையும்தான் தப்பு. தினமும் துடைப்பதை நிறுத்தி, வாரம் ஒரு நாள் ஒழுங்காகக் கழுவச் சொல்லுங்கள், அதே சம்பளத்துக்கு. இடையில் ஆறு நாள் தூசி கிடந்தால் கிடக்கட்டும். படிந்து கிடக்கும் தூசி எதையும் கீறாது. வண்டி எடுக்கும்போது முன்கண்ணாடியையும் சைடு கண்ணாடியையும் மட்டும் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போதும். கோழி இறகுத் துடைப்பமும், மெழுகு தடவிய நூல் பிரஷ்ஷும் வேண்டவே வேண்டாம், அவையும் இதே வேலையைத்தான் செய்யும்.

கழுவும் முறை

வாங்க வேண்டியவை: இரண்டு வாளி, முடிந்தால் இரண்டின் அடியிலும் வைக்கச் சல்லடைத் தட்டு. கையுறை மாதிரி மாட்டிக்கொள்ளும் மைக்ரோஃபைபர் மிட் இரண்டு. 60க்கு 90 சென்டிமீட்டர் அளவில் பெரிய, தடித்த மைக்ரோஃபைபர் துண்டு ஒன்று. கார் ஷாம்பூ ஒரு பாட்டில். கையால் அழுத்தம் ஏற்றும் 2 லிட்டர் ஸ்பிரேயர் ஒன்று. எல்லாம் சேர்ந்து சுமார் 2,500 ரூபாய்க்குள் அடங்கும். வீட்டில் பூச்சிமருந்து அடித்த கைத்தெளிப்பான் இருந்தால் தயவுசெய்து அதை எடுக்காதீர்கள். எத்தனை தடவை அலசினாலும் மருந்து மிச்சமிருக்கும்.

விடியற்காலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ, நிழலில் கழுவ வேண்டும். புறங்கையை பானெட்டில் வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் நேரமாகவில்லை. சித்திரை வைகாசி மதியத்தில் கறுப்பு பானெட்டின் சூடு 70 டிகிரியையும் தாண்டும். அதன் மேல் ஷாம்பூ தண்ணீர் பட்டதும் காய்ந்து கறையாகிவிடும்.

சக்கரமும் மட்கார்டின் உள்பக்கமும் முதலில். நம் பக்கத்துக் களிமண் காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும். குச்சியால் பெயர்க்காமல், தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் ஊறவிட்டால் தானே கழன்று விழும். அந்த மண்ணை உள்ளேயே விட்டுவைத்தால் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு துருவுக்கு வழி செய்யும். மழைக்காலத்தில் பானெட்டைக் கழுவாவிட்டாலும் இந்த இடத்தைக் கழுவுங்கள். சக்கரத்துக்கு வைத்த துணியும் பிரஷ்ஷும் தனி, அவை மேலே ஏறக் கூடாது.

அடுத்து, கை வைக்காமல் ஹோஸ் தண்ணீரால் மேலிருந்து கீழாக மூன்று நிமிஷம் நன்றாக அலசுங்கள். கழுவுவதிலேயே முக்கியமான கட்டம் இதுதான், எல்லோரும் அவசரப்படும் இடமும் இதுதான். இங்கே எவ்வளவு மண் போகிறதோ அவ்வளவு கோடு குறையும். பிறகு ஸ்பிரேயரில் ஷாம்பூ கலந்து வண்டி முழுக்க அடித்து, நாலைந்து நிமிஷம் ஊறவிட்டு, காய்வதற்குள் மறுபடி அலசுங்கள். ஆலைச் சாம்பலில் பெரும்பகுதி கை படாமலே இறங்கிவிடும்.

இப்போதுதான் கை வேலை. ஒரு வாளியில் 10 லிட்டர் தண்ணீருக்கு ஷாம்பூ பாட்டிலில் போட்ட அளவு, பெரும்பாலும் 20 முதல் 30 மில்லி. இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர். ஷாம்பூ வாளியில் மிட்டை நனைத்து, ஒரு பகுதியை மெதுவாகத் தேய்த்து, வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்து, அப்புறம்தான் மறுபடி ஷாம்பூ வாளிக்கு வர வேண்டும். கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி என்ற வரிசையில் இறங்குங்கள். கதவின் கீழ்ப்பாதியும் பம்பரின் அடியும் கடைசி, அவற்றுக்கு இரண்டாவது மிட். அழுத்தம் வேண்டாம், மிட்டின் எடையே போதும். வட்டமாகத் தேய்க்காமல் நேராக இழுக்கச் சொல்வார்கள். நேராக இழுத்தால் கீறல் விழாது என்பதில்லை, விழுந்தாலும் ஒரே திசையில் இருப்பதால் கண்ணில் படுவது குறையும்.

துடைக்கும்போது தடித்த துண்டை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தால் போதும், தண்ணீரை அதுவே குடித்துக்கொள்ளும். பழைய வேட்டியும் பனியனும் நமக்கு மென்மையாகத் தெரிகின்றன. ஆனால் தட்டையான பருத்தி நெசவில் மண் உள்ளே இறங்க இடமில்லை, துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவிலேயே உருளும். மைக்ரோஃபைபரின் இழைகளுக்கிடையே அது புதைந்துவிடும். துண்டு தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதை மறுபடி வண்டியில் வைக்காதீர்கள். மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள், துணி மென்மையாக்கும் திரவம் ஊற்ற வேண்டாம். ஊற்றினால் இழைகள் அடைந்து தண்ணீர் உறிஞ்சுவது நின்றுவிடும்.

பாத்திர சோப்பும் துணி துவைக்கும் பவுடரும் மேலே போட்ட மெழுகை உரித்துவிடும். பவுடரில் கரையாத துகளும் இருக்கும்.

வெள்ளைப் புள்ளியும் போர் தண்ணீரும்

கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம் இது. என்னைக் கேட்டால் கோடுகளைவிட இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கோடுகள் நாளைக்கும் அப்படியேதான் இருக்கும், புள்ளிகள் நாளுக்கு நாள் உள்ளே இறங்கும்.

போர் தண்ணீர் காய்ந்தால் அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் உப்பும் அங்கேயே தங்கிவிடும். வீட்டில் வாளியின் உள்பக்கம் வெள்ளையாக ஏடு பிடிக்கிறதா? அதே பொருள்தான் கதவிலும் இருக்கிறது. கடலோரம் போகப் போக உப்பு கூடும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் சில போர்களின் தண்ணீரைப் பெயின்ட்டில் காட்டவே கூடாது.

சோதனை எளிது. சமையலுக்கு வாங்கும் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபாகம் கலந்து, வண்டி ஆறியிருக்கும்போது மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, புள்ளியின் மேல் ஒரு நிமிஷம் வையுங்கள். மெதுவாகத் துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். போய்விட்டால் அது மேலே படிந்த உப்பு, கவலையில்லை. இரண்டு தடவை செய்தும் வட்டத்தின் விளிம்பு மட்டும் பள்ளமாகத் தெரிந்தால், கிளியர் கோட்டை அது அரித்துவிட்டது. அதைப் பாலிஷ்தான் எடுக்கும். எலுமிச்சம்பழத்தை நேராகத் தேய்க்கும் வைத்தியம் வேண்டாம், சக்கையும் விதையும் புதிதாகக் கோடு போடும்.

இனி புள்ளி வராமலிருக்க, போர் தண்ணீரில் கழுவினாலும் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் 10 லிட்டர் வையுங்கள். கொள்ளிடம் கூட்டுக் குடிநீர்க் குழாய் இருந்தால் அதில் பிடித்து வைக்கலாம். ஐப்பசி கார்த்திகையில் கூரை மழைநீரைப் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது கிடையாது. ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரும் உதவும், அது காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கியது என்பதால் உப்பு இருக்காது. வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் புழுக்கத்தில் ஒரே ராத்திரியில் பல லிட்டர் சேரும்.

சிக்கனம் என்று நினைத்துப் பல வீடுகளில் ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரைக் காருக்கு எடுத்து வைக்கிறார்கள். மெஷின் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் திரண்டிருப்பது அதில்தான். வாசல் தெளிக்க ஆகும், காருக்கு ஆகாது.

28,000 ரூபாய் கேள்வி

செராமிக் கோட்டிங் ஏமாற்று வேலை இல்லை. சிலிக்கா அடிப்படையிலான திரவம் பெயின்ட்டோடு வேதிப் பிணைப்பில் ஒட்டி இறுகுகிறது. தூசி எளிதில் கழுவிப் போகும், பறவை எச்சத்துக்கும் பூச்சிக்கும் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கும், கறுப்பு நிறம் ஆழமாகத் தெரியும். ஒழுங்காகப் பராமரித்தால் நம் வெயிலில் இரண்டு மூன்று வருஷம் உழைக்கும். ஆனால் அதன் தடிமன் ஓரிரு மைக்ரான்தான். '9எச்' என்று அட்டையில் போட்டிருப்பது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவு. வைரத்துக்கும் கல்லுக்கும் சொல்லும் கடினத்தன்மை வேறு. உமிச்சாம்பலோடு துணியை இழுத்தால் கோட்டிங்கிலும் கோடு விழும். ஆக "கீறலே விழாது, கழுவவே வேண்டாம்" என்ற இரண்டு வாக்குறுதியும் பொய்.

உங்கள் வீட்டுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. கோட்டிங் போட்ட வண்டியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். போர் தண்ணீர் அப்படி நின்று காய்ந்தால் ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளைப் புள்ளி. தண்ணீர்ப் பிரச்சினையைச் சரிசெய்யாமல் கோட்டிங் போட்டால், பணம் கொடுத்துப் புள்ளி வாங்குவதாகத்தான் முடியும்.

அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். முதலில் இரண்டு மாதம் கழுவும் முறையை மாற்றிப் பாருங்கள். மழையும் சம்பா அறுவடையும் முடிந்து மாசி பிறந்ததும், மிக மென்மையான பாலிஷ் ஒரே ஒரு சுற்று போட்டால் பெரும்பாலான கோடுகள் போய்விடும். அதன் மேல் சீலன்ட் என்ற, மெழுகு மாதிரிப் பாதுகாக்கும் செயற்கைப் பூச்சைப் பூசிக்கொள்ளுங்கள். 500 மில்லி பாட்டில் 1,000 ரூபாய் அளவில் கிடைக்கும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை, கழுவித் துடைத்த வண்டியில் நீங்களே ஒரு மணி நேரத்தில் பூசிவிடலாம். கார்னோபா என்ற தாவர மெழுகு கறுப்புக்கு எடுப்பாகத்தான் இருக்கும், ஆனால் நம் கோடையில் ஒன்றரை மாதம் தாங்கினால் அதிகம். புது வண்டிக்கு ஆறு மாதம் எதுவும் பூசக் கூடாது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது பட்டறையில் மறுபடி பெயின்ட் அடித்த பாகத்துக்குச் சொல்வது, அதற்குத்தான் ஒரு மாதமாவது விட வேண்டும். தொழிற்சாலை பெயின்ட் அங்கேயே அடுப்பில் வெந்து இறுகி வருகிறது.

தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று மணல் லாரிக்குப் பின்னால் தினமும் போகிறவர் என்றால் பேச்சு வேறு. கல் தெறிப்பதைத் தடுப்பது 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பி.பி.எஃப். என்ற ஒளிபுகும் படலம் மட்டும்தான். முழு வண்டிக்கும் ஒட்டினால் செலவு லட்சத்தை நெருங்கலாம், தாண்டவும் செய்யலாம். முன்பம்பர், பானெட், சைடு மிரர் மட்டும் ஒட்டிக்கொள்வது விவேகம். பள்ளிக்கும் வீட்டுக்கும் ஓடும் உங்கள் வண்டிக்கு அது தேவைப்படாது.

எப்போதாவது செராமிக் போட முடிவு செய்தால், கடையில் இவற்றைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்:

1. பாலிஷ் போடுவதற்கு முன்பும் பின்பும் ஒவ்வொரு பாகத்திலும் பெயின்ட் தடிமனை மீட்டரில் அளந்து எழுதித் தருவார்களா?

2. பாலிஷ் முடிந்ததும், ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்து துடைத்துவிட்டு விளக்கடித்துக் காட்டுவார்களா? சில பாலிஷ்களில் இருக்கும் எண்ணெய் கோடுகளை நிரப்பி மறைக்கும், இரண்டு கழுவலில் எல்லாம் திரும்ப வந்துவிடும். ஆல்கஹால் அந்த எண்ணெயை எடுத்துவிடும், உண்மை தெரிந்துவிடும்.

3. தூசி வராத மூடிய அறையில் வேலை நடக்கிறதா? கோட்டிங் போட்ட பிறகு 24 மணி நேரமாவது வண்டி தண்ணீர் படாமல் உள்ளே நிற்க வேண்டும், ஒரு வாரம் ஷாம்பூ படக் கூடாது.

4. பொருளின் பெயர், எத்தனை அடுக்கு, 'ஐந்து வருஷம்' எதற்கு, இடையில் வருஷா வருஷம் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் பில்லில் எழுத்தில் வருமா? அந்த வருடாந்திரப் பராமரிப்பு ஒன்று தவறினால் வாரன்ட்டி போச்சு என்ற விதி பல இடங்களில் உண்டு.

தம்பியின் டீசல் வைத்தியம் எண்ணெய்ப் படலத்தால் இரண்டு நாள் பளபளக்கும். மூன்றாவது நாள் அந்தப் பிசுக்கில் ஆலைச் சாம்பல் முழுக்க ஒட்டும். கதவு ரப்பரும் ஊறி உப்பும். புதுத் தார் ரோட்டில் போய் ஒட்டிய தார்ப் பொட்டுக்கு, துணி முனையில் மண்ணெண்ணெய் தொட்டு எடுத்து உடனே ஷாம்பூ போட்டுக் கழுவலாம். அத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஷோரூம், இன்சூரன்ஸ்

மறுபடி பெயின்ட் அடித்துத் தரச் சொல்லும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அவர்கள் சம்மதித்தால்கூட நீங்கள் சம்மதிக்கக் கூடாது. தொழிற்சாலையில் வெற்றுத் தகர உடலை 140 டிகிரி அளவில் சுடவைத்துப் பெறும் இறுக்கம், பிளாஸ்டிக்கும் ஒயரும் பொருத்திய வண்டிக்குப் பட்டறையில் கிடைக்காது. நாளைக்கு விற்கப் போனால் தடிமன் மீட்டரை வைத்ததுமே, "ஆக்ஸிடென்ட் வண்டியா?" என்று கேட்பார்கள், விலை இறங்கும்.

கோடுகளுக்கு வாரன்ட்டியும் உதவாது. பறவை எச்சம், மரப் பிசின், கல், கழுவுவதால் வரும் சிராய்ப்பு போன்ற வெளிக் காரணங்களைத் தயாரிப்பாளர்கள் பொதுவாக விலக்கியே எழுதுகிறார்கள். டெலிவரி அன்றே கோடுகள் இருந்திருக்கலாம், புது வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டில் கழுவும்போது அப்படி விழுவது உண்டு. ஆனால் அன்று எடுத்த படமோ குறிப்போ உங்களிடம் இல்லை.

5,500 ரூபாய் டெஃப்லான் வேறு விஷயம். அது பெரும்பாலும் சில மாதம் நிற்கும் ஒரு பாலிமர் சீலன்ட்தான். பில்லையும் வாரன்ட்டி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். கீறல் விழாது என்றோ, இத்தனை மாதத்துக்கு இலவச மறுபூச்சு என்றோ எழுத்தில் இருந்தால், அதைக் காட்டி மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. ஆனால் வாயால் சொன்னது மட்டும்தான் என்றால் நிரூபிக்க வழியில்லை, அலைச்சல்தான் மிஞ்சும். மறுபூச்சு ஒன்றை இலவசமாக வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்வது என் யோசனை. அப்போதும் அவர்களை வண்டியைக் கழுவ விடாதீர்கள், வீட்டில் கழுவி எடுத்துப் போங்கள்.

இன்சூரன்ஸில் இந்தக் கோடுகளைக் கேட்கவே முடியாது. அது விபத்து போன்ற திடீர்ச் சேதத்துக்குத்தான். நாளைக்கு யாராவது கதவை உரசிவிட்டுப் போனால் கேட்கலாம். அப்போதும், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) எடுக்காத பாலிசியில் பெயின்ட் பொருளின் விலையில் 50 சதவீதம் கழிப்பார்கள், கட்டாயப் பிடித்தம் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. இழப்பீடு கேட்காதவர்களுக்கு அடுத்த வருஷம் பிரீமியத்தில் வரவேண்டிய 20 சதவீதத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். சின்ன உரசல்களுக்குக் கைக்காசே லாபம்.

பறவை, பூச்சி, கவர், சந்தனம்

கொக்கும் காக்கையும் போடும் எச்சத்தை வாரக் கழுவலுக்காகக் காத்திருக்க விடாதீர்கள். வெயிலில் கிளியர் கோட் சூடாகி இளகி விரியும், எச்சம் காய்ந்து இறுகும். சாயங்காலம் ஆறும்போது அந்த இறுகிய எச்சத்தின் வடிவத்தையே பெயின்ட் பிடித்துக்கொள்ளும். வண்டிக்குள் அரை லிட்டர் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரும் நாலு சொட்டு ஷாம்பூவும் வைத்திருங்கள். டிஷ்யூ காகிதத்தை நனைத்து எச்சத்தின் மேல் ஐந்து நிமிஷம் போட்டு, தேய்க்காமல் அப்படியே மேலே தூக்கி எடுங்கள். சம்பா பயிர் நிற்கும் காலத்தில் ராத்திரிப் பயணம் போனால் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பச்சைத் தத்துப்பூச்சியும் புகையானும் பம்பரில் அப்பிக்கொள்ளும். அவற்றுக்கும் இதே முறைதான், மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்.

கவர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தூசி படிந்த வண்டிக்கு மேல் கவர் போட்டால், காற்றில் அது ஆடி ஆடி ராத்திரி முழுக்கத் தேய்க்கும். மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பெயின்ட்டில் மங்கல் திட்டுகளை உண்டாக்கும். உங்களிடம் கூரை இருக்கிறது. ஆலை இருக்கும் பக்கம் மட்டும் ஒரு தார்ப்பாயைத் திரை மாதிரி தொங்கவிடுங்கள். கவரை விட அது மேல்.

மாமியாரிடம் சந்தனம் வைக்கக் கூடாது என்று சொல்ல வேண்டாம், இடத்தை மட்டும் மாற்றிக் கேளுங்கள். குங்குமம் பல இடங்களில் மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துத்தான் தயாராகிறது. ஈரத்தோடு வெயிலில் கிடந்தால் தடம் விடும். காய்ந்த சந்தனத்தையும் விபூதியையும் வெறுந்துணியால் துடைத்தால் பொட்டு இருந்த இடத்தில் ஒரு சிராய்ப்புத் திட்டு விழும். முன்கண்ணாடியின் மேல்மூலையிலோ நம்பர் பிளேட்டின் ஓரத்திலோ, எண் மறையாமல் வைக்கலாம். ஆயுத பூஜை அன்று பானெட்டில் வைத்தே ஆக வேண்டும் என்றால், ஒரு வாழை இலைத் துண்டை வைத்து அதன் மேல் வைக்கச் சொல்லுங்கள். கற்பூரத் தட்டை மட்டும் பானெட்டில் வைக்க விடாதீர்கள், கையில் ஏந்திக் காட்டினால் போதும். சாயங்காலம் இலையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.